ஒரு போர்ட்டுக்கு இரண்டு பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். ஏதோ புதுசாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ 1960இல் தரம் வகுக்கப்பட்ட ஒரு இணைப்பு: சீரியல் போர்ட். கணினியின் பின்பக்கம் ஒன்பது ஊசிகளோடு, இரண்டு பக்கமும் திருகு வைத்து ஒன்று இருக்குமே, அதுதான். புது லேப்டாப்பில் அதைத் தேட வேண்டாம், இருக்காது. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் எடைமேடைக்குப் போய்ப் பாருங்கள். லாரி ஏறி நின்றதும் எடையைக் காட்டுகிற இண்டிகேட்டரிலிருந்து கணினிக்கு வருகிற வயர் பெரும்பாலும் இதில்தான் செருகியிருக்கும். ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் கருவிகள், பட்டறையில் ஓடுகிற பழைய சி.என்.சி. மெஷின், சில பில் பிரிண்டர்கள் எல்லாம் இந்த வழியில்தான் கணினியோடு பேசுகின்றன.

சர்வீஸுக்குப் போகிற இடத்தில் நான் பார்க்கிற சீரியல் போர்ட் புகார்களில் நிறையப் புகார்களுக்குப் பின்னால் எந்தப் பொருளும் கெட்டுப்போயிருப்பதில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். யார் எதைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று பார்த்து, ஒருவரை நகர்த்திவிட்டால் போதும். இது தெரியாமல் மதர்போர்டை மாற்றுகிறவர்கள் உண்டு. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுகிறவர்கள் அதைவிட அதிகம்.

இந்தத் தகராறு எங்கே ஆரம்பித்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1981இல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது, வெளிக் கருவிகள் பிராசஸரைக் கூப்பிட அதில் எட்டே எட்டு இன்டரப்ட் லைன்கள்தான் இருந்தன. பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எண். கடிகாரத்துக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, பிளாப்பிக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று போனபின், சீரியல் போர்ட்டுகளுக்கு மிஞ்சியது இரண்டு. காம் 1 என்ற முதல் போர்ட்டுக்கு நான்காம் லைன், காம் 2க்கு மூன்றாம் லைன். அப்புறம் காம் 3, காம் 4 என்று இரண்டு போர்ட்டுகள் சேர்ந்தன. பிராசஸர் அவற்றை அடையாளம் காணத் தனி முகவரி கொடுத்தார்கள், தனி லைன் கொடுக்கவில்லை. காம் 1உம் காம் 3உம் நான்காம் லைனில், காம் 2உம் காம் 4உம் மூன்றாம் லைனில்.

இரண்டு குடித்தனத்துக்கு ஒரே காலிங் பெல் வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்தவர் அழுத்துவது உள்ளே கேட்காது. கணினிக்குள் கார்டுகளைச் செருகுகிற அன்றைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுகளின் மின்சுற்று அப்படித்தான். லைன் தாழ்விலிருந்து உயர்கிற அந்த ஒரு கணத்தை மட்டும்தான் பிராசஸர் தரப்பு கவனிக்கும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்தது. போன் லைன் வழியே இணையத்தோடு சேர்க்கிற மோடம் கார்டு வீட்டுக் கணினிக்குள் வரத் தொடங்கிய காலம் அது. அப்போதைய மவுஸ் பெரும்பாலும் சீரியல் மவுஸ், காம் 1இல் இருக்கும். மோடத்தைக் கொண்டுவந்து காம் 3இல் வைப்பார்கள். தனித்தனியே இரண்டும் நன்றாக வேலை செய்யும். இணையத்துக்கு டயல் செய்த நொடியில் மவுஸ் உறைந்து நின்றுவிடும். மோடத்தை இயக்குகிற மென்பொருளான டிரைவர் நான்காம் லைனைக் கையில் எடுத்துக்கொண்டதால், மவுஸ் கூப்பிட்டாலும் வந்து பார்ப்பது மோடத்தின் டிரைவர்தான். தன் பக்கம் ஒன்றும் இல்லையே என்று அது திரும்பிவிடும். தொடர்பைத் துண்டித்தால் மவுஸுக்கு உயிர் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

தீர்வு, மோடத்தைக் காம் 2க்கு நகர்த்துவது. மோடம் கார்டில் இருக்கும் ஜம்பர் என்ற குட்டிப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி அடுத்த ஊசி ஜோடியில் மாட்ட வேண்டும். அதோடு, மதர்போர்டிலேயே இருக்கும் காம் 2ஐ பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற அமைப்புத் திரையில், அணைத்தாக வேண்டும். இந்த இரண்டாவது வேலையை விட்டுவிடுவார்கள். விட்டால் முன்பாவது லைன்தான் மோதியது, இப்போது முகவரியும் சேர்ந்து மோதும், மோடமே தெரியாது. காம் 4இல் இன்னொரு வம்பு உண்டு. அதன் முகவரியைச் சில வீடியோ கார்டுகளும் பயன்படுத்தின. மோடம் ஏன் டயல் செய்யவில்லை என்பதற்குக் காரணம் மானிட்டர் மாட்டியிருக்கும் கார்டில் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு லைன்களின் எண்ணிக்கை கூடியது, தனித் துளையில் மாட்டுகிற பி.எஸ்.2 மவுஸ் பன்னிரண்டாம் லைனுக்குப் போனது, லைனைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த பி.சி.ஐ. ஸ்லாட் வந்தது, அந்தச் சண்டை ஓய்ந்தது. இன்றும் சீரியல் போர்ட் உள்ள மதர்போர்டின் பயாஸைத் திறந்தால் காம் 1க்கு நேராக 3எஃப்8, ஐ.ஆர்.கியூ. 4 என்றுதான் பொதுவாக இருக்கும். முன்னது முகவரி, பின்னது லைன். 1981இன் எண்கள்தான்.

சரி, இப்போதைய சண்டைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது எடைமேடைக் கணினியில் வருகிற பேய் மவுஸ். காலையில் கணினியைப் போடுவார்கள். விண்டோஸ் திறந்ததும் திரையில் அம்புக்குறி தானாகத் துள்ளும். மூலைக்கு மூலை பாயும். கிளிக்கும் ஆகும், மெனுக்கள் தானாகத் திறந்து மூடும். மவுஸைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டாலும் ஆட்டம் நிற்காது. பார்க்கிறவர் எல்லாரும் வைரஸ் என்பார்கள். ஆண்டிவைரஸ் ஓட்டுவார்கள், ஒன்றும் அகப்படாது. கடைசியில் ஃபார்மேட். ஃபார்மேட் செய்தபிறகும் பேய் அப்படியே இருக்கும். அப்போதுதான் நம்மைக் கூப்பிடுவார்கள்.

நடப்பது என்னவென்றால், இண்டிகேட்டர் ஓயாமல் எடையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மேடையில் லாரி இருக்கிறதா இல்லையா என்ற கவலை அதற்கு இல்லை, பூஜ்யத்தையாவது அனுப்பும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஒவ்வொரு சீரியல் போர்ட்டிலும் மவுஸ் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளது. தட்டியதும் ஏதோ எழுத்துகள் வந்து விழுகின்றன. ஓகோ, இங்கே ஒரு மவுஸ் இருக்கிறது என்று அது முடிவு கட்டிவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு எடையும் அம்புக்குறிக்கு ஒரு தள்ளு. எடை மென்பொருளைத் திறந்தாலோ, போர்ட் வேறொருவர் கையில் இருக்கிறது என்ற பிழைச் செய்திதான் வரும்.

இதற்கு ஒரு ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். இண்டிகேட்டர் வயரைக் கழற்றுங்கள், அம்புக்குறி அடங்கிவிடும். கணினியை மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுவதும் வந்தபின் வயரைச் செருகுங்கள், எடை ஒழுங்காக வரும். அவசரத்துக்கு இது போதும். நிரந்தரமாகச் சரிசெய்ய, பேய் ஆடும்போது, கணினியின் கருவிகளைப் பட்டியல் போட்டுக் காட்டுகிற டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மவுஸ் பட்டியலில் பாருங்கள். நீங்கள் வாங்கியே இராத 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை டிஸேபிள் செய்ய வேண்டும். அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்தமுறை திரும்ப வந்துவிடும். அம்புக்குறி ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வது பெரும்பாடு. கீபோர்டின் அம்பு விசைகளிலேயே போய்விடுங்கள். ஜி.பி.எஸ். கருவிகளும் இப்படி ஓயாமல் தகவல் அனுப்புகிறவைதான், அவற்றை மாட்டினாலும் இதே கூத்து நடக்கும்.

அடுத்தது யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர். போர்ட் இல்லாத கணினியில் இதைத்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். இங்கே லைன் சண்டை கிடையாது, எண் சண்டைதான். விலை குறைந்த கன்வெர்ட்டர்கள் பலவற்றில் தனி வரிசை எண் இருக்காது. அப்படிப்பட்டதை ஒரு யூ.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்துப் பக்கத்துத் துளையில் செருகினால், விண்டோஸுக்கு அது புது ஆள். நேற்று காம் 5, இன்று காம் 6. பழைய எண்ணையும் விடாமல் பழைய ஆளின் பேரில் பத்திரமாக வைத்திருக்கும். புளூடூத்தில் போன் ஏதாவது இணைத்திருந்தால் அதற்கும் ஓரிரண்டு காம் எண்கள் போயிருக்கலாம். எண்கள் ஏறிக்கொண்டே போகும். எடை மென்பொருளோ பழசு, அதன் பட்டியலில் காம் 4க்கு மேல் ஒன்றும் இருக்காது. கணினியைத் துடைக்கிற சாக்கில் யாரோ வயரை மாற்றிச் செருகியிருப்பார்கள். வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும்.

டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் கருவிகளையும் காட்டு என்று கேட்டால், மங்கலான எழுத்தில் பழைய ஆட்கள் வரிசையாகத் தெரிவார்கள். விண்டோஸ் எக்ஸ்.பி., 7 போன்றவற்றில் இதற்கு முன் ஒரு நீளமான கட்டளை தட்ட வேண்டும். அதை வானொலியில் சொல்லி உங்களை எழுதவைப்பது நடக்காத காரியம், சர்வீஸ்காரரைக் கேளுங்கள். மங்கலாக இருப்பவற்றில் இனி தேவைப்படாதவற்றை நீக்கலாம். அல்லது கன்வெர்ட்டரின் போர்ட் அமைப்பில் அட்வான்ஸ்டு என்ற பொத்தானுக்குள் போய், எண்ணைக் காம் 3 என்று மாற்றலாம். பயன்பாட்டில் உள்ளது என்று எச்சரிக்கும். அந்த எண்ணுக்கு உரிய கருவி இப்போது மாட்டியில்லை என்பது உறுதியானால் சரி என்று சொல்லிவிடுங்கள். மாற்றி முடித்ததும் கன்வெர்ட்டரிலும் அது செருகியிருக்கும் துளையின் மேலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். எடை மென்பொருள் தொங்கிப்போய், ஜன்னல் மூடிவிட்டாலும் பின்னால் ஓடிக்கொண்டே போர்ட்டைப் பிடித்திருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிட்டுத் திறந்தால் வேலை நடக்கும்.

இத்தனைக்கும் பிறகு வரவில்லையென்றால்? அப்போதுதான் வயரையும் போர்ட்டையும் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் காசில்லாத சோதனை இருக்கிறது. எல்லா வயரையும் கழற்றிவிட்டு, போர்ட்டின் இரண்டாம் ஊசியையும் மூன்றாம் ஊசியையும் ஒரு சின்னக் கம்பியால் இணையுங்கள். மற்ற ஊசிகளில் பட்டுவிடக் கூடாது. ஊசிகளின் அருகில் பொடி எழுத்தில் எண் இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். மூன்றாவது அனுப்புகிற ஊசி, இரண்டாவது வாங்குகிற ஊசி. தட்டுவதைப் போர்ட்டுக்கு அனுப்பி, வருவதைத் திரையில் காட்டுகிற டெர்மினல் மென்பொருள் ஒன்றைத் திறந்து, அதில் ஃப்ளோ கன்ட்ரோல் என்ற அமைப்பை அணைத்துவிட்டு, ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால், கம்பியை எடுத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். இப்போது வரக் கூடாது. இரண்டும் சரியாக நடந்தால் போர்ட் நன்றாக இருக்கிறது. வயரிலோ இண்டிகேட்டரிலோ தேடுங்கள், இரண்டு பக்கமும் வேகம் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கம் 9600, இன்னொரு பக்கம் 2400 என்று இருந்தால் எழுத்துக்குப் பதில் கிறுக்கல்தான் வரும்.

புதிதாகக் கணினி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. பின்பக்கம் போர்ட் இல்லை என்றதும் கன்வெர்ட்டர் வாங்க ஓடாதீர்கள். பல டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் இன்னமும் ஓரத்தில் 'காம்' என்று அச்சடித்து, பத்து ஊசிக்கான இடத்தில் ஒன்று குறைத்து ஒன்பது ஊசிகள் நிற்கும். அதில் மாட்டுகிற பட்டை வயரும் தகடும் தனியாகக் கிடைக்கும், விலையும் சொற்பம். ஆனால் அந்த வயரில் இரண்டு ரகம் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், உள்ளே ஊசிகளின் வரிசை வேறு. மாற்றி வாங்கினால் மாட்டும், வேலை செய்யாது. மதர்போர்டு கையேட்டில் இருக்கும் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வணக்கம்.