சக்கரம் தரையை விடக்கூடாது

வணக்கம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய பலரும் முதலில் கை வைப்பது சஸ்பென்ஷனில்தான். ஸ்பிரிங்கை மாற்று, காரின் உயரத்தை நன்றாக இறக்கு, வளைவில் சாயவே சாயாது, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்டு ஒரு செட் வாங்கி மாட்டியும் விடுவார்கள். எப்போதாவது ஒரு நாள் பந்தயத் தளத்துக்குப் போய்விட்டு, மற்ற நாளெல்லாம் சாதாரண சாலையில் ஓட்டுகிறவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: சாலையில் ஓடும் காருக்கு ஸ்பிரிங் விறைத்தால் கிரிப் கூடிவிடாது. ஒரு அளவைத் தாண்டினால் இருக்கிற கிரிப்பும் போய்விடும்.

ஏன் என்று பார்ப்போம். டயருக்குப் பிடிப்பு வருவது அது தரையில் அழுந்தி நிற்கும்போது மட்டும்தான். பந்தயத் தளத்தைச் சமமாகப் பராமரிக்கிறார்கள். சாலை அப்படியா இருக்கிறது? ஒட்டுப்போட்ட தார், பாலத்து இணைப்பு, சாக்கடை மூடி, லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமாகிப்போன தடம், வளைவின் நடுவில் திடீரென்று ஒரு மேடு. விறைப்பான ஸ்பிரிங் போட்ட கார் இந்த மேட்டில் ஏறினால், சக்கரம் மட்டும் மேலே போய்வருவதற்குப் பதில் காரையே தூக்கிவிடும். அடுத்த கணம் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், அந்த நேரம் பார்த்து நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாலோ ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தாலோ கார் உங்கள் சொல்லைக் கேட்காது. உலுக்கல் அதிகமாக இருப்பதால் வேகமாகப் போவது மாதிரி ஒரு உணர்வு வரும், அவ்வளவுதான்.

1962-இல் வந்த லோட்டஸ் எலானை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 700 கிலோ எடை, மென்மையான ஸ்பிரிங், சக்கரம் தாராளமாக மேலும் கீழும் போய்வர இடம், அந்த அசைவை அடக்கத் தெரிந்த ஷாக் அப்சார்பர். வளைவில் நன்றாகவே சாயும். ஆனாலும் சாலையில் ஒரு கார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். 1989-இல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தபோது நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் கொடுத்தார்கள், அதாவது சக்கரத்தைக் காரோடு இணைக்கும் ஆர்ம் மேலே ஒன்று, கீழே ஒன்று; அதுவும் சாய்கிற கார்தான். சாய்வதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எவ்வளவு எடை மாறும் என்பதைத் தீர்மானிப்பது காரின் புவியீர்ப்பு மையத்தின் உயரம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலம், நீங்கள் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறீர்கள் என்பது, இவைதான். ஸ்பிரிங்கை விறைத்தால் சாயும் கோணம் குறையும், மாறும் எடை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அந்த எடையை முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பங்கு போடுவதில்தான் ஸ்பிரிங்குக்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற கம்பிக்கும் வேலை.

சரி, எவ்வளவு விறைப்பு சரியான விறைப்பு? இதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. ஷாக் இல்லாமல் வெறும் ஸ்பிரிங்கின் மேல் காரை ஒருமுறை அமுக்கி விட்டால் நொடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்கும் என்பதுதான் அது, ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்வார்கள். சாதாரணக் குடும்பக் கார் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கும், சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் 1.5-இலிருந்து 2-க்குள், அதற்கு மேல் போவதெல்லாம் பந்தயக் கார். 2-ஐத் தாண்டிவிட்டு, சாலையில் தலை ஆடுகிறது, முதுகு வலிக்கிறது என்றால் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு விறைத்தாலும் இந்த எண் 41 சதவீதம்தான் கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு காரில் இந்த ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறதாம், நானும் போடட்டுமா என்று கேட்பவர்கள் நிறைய. அந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஸ்பிரிங் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு ஆர்மின் நடுவில் எங்கேயோ இருக்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், சக்கரத்துக்குத் தெரியும் விறைப்பு அந்த 0.7-இன் வர்க்கம், அதாவது கிட்டத்தட்ட பாதி. மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன் என்று டப்பாவில் போட்டிருக்கும் ஸ்பிரிங், சக்கரத்தில் 25 நியூட்டனுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வேலை செய்யும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சக்கரத்தின் அருகில் நிற்கும் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் இந்த விகிதம் 1-ஐ ஒட்டியே இருக்கும், அதனால் முன்னும் பின்னும் வேறுவேறு அமைப்பு உள்ள காரில் முன் ஸ்பிரிங் எண்ணையும் பின் ஸ்பிரிங் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எந்தப் பயனும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், டிராவல். சக்கரம் மேலே போக இருக்கிற இடம். சாலைக் காருக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது, காரை இறக்கும்போது முதலில் பறிபோவதும் இதுதான். மேலே போக 60 மில்லிமீட்டர் இருந்த காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால் மிச்சம் பாதி. அதே மேட்டை அதே வேகத்தில் அந்தப் பாதி இடத்துக்குள் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் இரண்டு மடங்கு விறைப்பாக இருந்தால் போதாது, நான்கு மடங்கு வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் சக்தி அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காரை இறக்கும் ஸ்பிரிங் செட்டுகள் பொதுவாக 20, 30 சதவீதம்தான் விறைப்பு கூட்டுகின்றன. மீதியை யார் தாங்குவது? பம்ப் ஸ்டாப். ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன நுரை ரப்பர்.

அது மோதும்போது அந்த மூலையின் விறைப்பு சட்டென்று பல மடங்கு ஏறும். வளைவின் நடுவில் பின் பக்கம் மோதினால் பின்பக்கம் வழுக்கும், முன் பக்கம் மோதினால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகும். ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு என்று பலர் திட்டுவது உண்மையில் ஸ்பிரிங்கை அல்ல, இந்த ரப்பரில் மோதி மோதி ஓடுவதைத்தான். உங்கள் கார் மோதுகிறதா என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் தூசி உறையைத் தூக்கிவிட்டு, பளபளவென்று இருக்கும் அந்தத் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டுங்கள், தள்ளினால் நகர வேண்டும், தானாக வழுக்கக்கூடாது, அந்த அளவு இறுக்கம். அதை ஷாக்கின் உடம்பை ஒட்டி இறக்கிவிடுங்கள். சக்கரத்தை மாட்டி, தினமும் போகும் சாலையில் ஒருமுறை போய்வாருங்கள். திரும்பிப் பார்க்கும்போது டை எந்த இடத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் ஷாக் அமுங்கியிருக்கிறது. டைக்கும் ரப்பருக்கும் இடையில் இன்னும் தண்டு தெரிந்தால் நிம்மதி. டை ரப்பருக்குள் புதைந்து கிடந்தால், அந்தக் காரை இனி ஒரு மில்லிமீட்டர்கூட இறக்காதீர்கள். தண்டு மறைந்திருக்கும் தலைகீழ் ஸ்ட்ரட்டில் மட்டும் இந்த வழி பலிக்காது.

முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. அதிகம் இறக்கினால் கீழ் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், காரின் புவியீர்ப்பு மையத்தைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் காரைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது என்று அர்த்தம். சாய்வைக் குறைக்க இறக்கிய கார், கூடுதலாகச் சாயத் துடிக்கும். அதோடு சக்கரம் ஏறி இறங்கும்போது டோவும், அதாவது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணமும் மாறி, மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்க ஆரம்பிக்கும்.

அப்படியானால் பணத்தை எதில் போடலாம்? தயங்காமல் சொல்வேன், ஷாக்கில். ஸ்பிரிங் சக்தியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரும், ஷாக்தான் அதை வெப்பமாக்கிக் கரைக்கிறது. பழைய கார் என்றால் அதில் இருக்கும் ஷாக் பாதி செத்திருக்கும், அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. நல்ல ஷாக்கை ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு மாட்டினாலே பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. ஷாக் செய்யும் பில்ஸ்டீன் நிறுவனத்தில் பி6 என்பது ஒரிஜினல் உயரத்துக்கு, பி8 என்பது இறக்கிய காருக்காக நீளம் குறைத்தது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் வாங்கிவிடக்கூடாது. ஷாக்குக்குள் ஒரே குழாயா (மோனோட்யூப்), இரண்டு குழாயா (ட்வின் ட்யூப்) என்ற விவாதத்துக்கு சாலையில் அவ்வளவு முக்கியத்துவம் கொடுக்க வேண்டாம், உள்ளே வால்வை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஷாக் விற்பவர்கள் லோ ஸ்பீட், ஹை ஸ்பீட் என்பார்கள். அது காரின் வேகம் இல்லை, தண்டு நகரும் வேகம். வளைவில் கார் மெல்லச் சாயும்போது தண்டு நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும், அப்போது ஷாக் நன்றாகப் பிடிக்க வேண்டும். கூர்மையான குழியில் விழும்போது தண்டு நொடிக்கு ஒரு மீட்டரையே தாண்டலாம், அப்போது விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஷாக்கில் செய்து காட்டுவதற்குத்தான் நல்ல ஷாக்குக்கு அந்த விலை. இறுக்கத்தை மாற்றும் திருகில் முப்பது கிளிக் இருக்கிறது என்பதற்காக யாரும் வாங்காதீர்கள். ரிபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் மறுபடி நீளும்போது தரும் தடையை, அளவுக்கு மீறி இறுக்கினால், ஒரு பள்ளத்தில் அமுங்கிய சக்கரம் நீள்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும், அடுத்தடுத்துப் பள்ளம் வரும் சாலையில் கார் படிப்படியாகக் கீழே உட்கார்ந்து கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் ஓடும். ஓட்டுகிறவரோ இன்னும் ரெண்டு கிளிக் இறுக்குவார்.

முன்பின் பொருத்தம் பற்றி ஒரு வார்த்தை. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், ரோல்ஸ் ராய்ஸிலிருந்து வந்தவர், எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு காரைச் செய்து ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த விஷயம் இது: பின்பக்க அதிர்வெண், அதாவது மேலே சொன்ன ஹெர்ட்ஸ் எண், முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் தாமதமாக ஏறினாலும் வேகமாக ஆடி முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும்போது முகம் குத்தி எழும் ஆட்டம் அடங்கிவிடும். பந்தயத்துக்காகச் செய்த செட்டுகள் பல இதைத் தலைகீழாக வைத்திருக்கும். அதற்கு அவர்களிடம் காரணம் உண்டு, உங்கள் சாலைக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

ஆன்டி-ரோல் பார் மலிவானது, ஓட்டிப் பார்த்ததும் வித்தியாசம் தெரியும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது இரண்டு பக்கச் சக்கரத்தையும் கட்டிப்போடுகிறது, ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் இன்னொன்றுக்கும் அதில் பங்கு போகும். கார் ஸ்டீயரிங்குக்கு மசியாமல் நேராகப் போகிறது, அல்லது பின்பக்கம் ஆடுகிறது என்று இருந்தால் முன் பார், பின் பார் இரண்டில் ஒன்றை மட்டும் ஒரு படி மாற்றிப் பாருங்கள். முன்னும் பின்னும் சேர்த்துத் தடித்த பார் போடாதீர்கள்.

டயரும் அலைன்மென்ட்டும் இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியவை. நல்ல டயர், சரியான காற்று, முன்னால் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது), பின்னால் லேசாக டோ-இன் (சக்கரத்தின் முன்பகுதி உள்நோக்கித் திரும்புவது). இதைச் செய்தாலே காரின் குணம் பாதி மாறிவிடும்.

அப்புறம் புஷ்கள், அதாவது ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைகள். ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் போடலாம், ஸ்டீயரிங் கூர்மையாகும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், சாலையின் நடுக்கம் உள்ளே வரும். எனக்குப் புதிய ரப்பரே பிடிக்கும். எதைப் போட்டாலும் மெக்கானிக்கிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். ரப்பர் புஷ் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு ஒட்டியது, ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். காரை லிஃப்டில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும், சீக்கிரமே கிழிந்தும் போகும். சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றி உயரம் மாறினாலும் இந்த போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும், நிறைய இடங்களில் இதைச் செய்வதே இல்லை.

ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங் மாட்டி உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உயரத்தையும் நாலு மூலையின் எடையையும் சரிசெய்ய அதைவிட நல்லது இல்லை, ஆனால் மலிவான காயில்ஓவரைவிட ஒரிஜினல் ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் எவ்வளவோ மேல். வாங்குகிறவர்கள் ஸ்பிரிங் தட்டைத் திருகாமல், அடியில் உள்ள பிராக்கெட்டை நகர்த்தி உயரம் மாற்றும் வகையைத் தேடுங்கள், ஷாக்குக்குள் இருக்கும் டிராவல் அப்படியே இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், மழையிலும் ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் உட்காரும், அதற்குப் பிறகு போல்ட்டுகளைச் சரிபார்த்து அலைன்மென்ட்டை மறுபடி எடுங்கள், காரின் உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட்டின் கோணத்தையும் சரிசெய்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.