அம்பது ரூபா பேரம்: காசிமேட்டு கணக்குப்பிள்ளை பேசினது

(போன மாசம் வட சென்னையில ஒரு வாசகர் வட்டத்துல பேசினது. பசங்க போன்ல ரெக்கார்ட் பண்ணி டைப் அடிச்சு குடுத்தாங்க. நான் கொஞ்சம் எழுத்துப்பிழை பார்த்தேன், மத்தபடி பேசின மாதிரியேதான் இருக்கு.)

எல்லாருக்கும் வணக்கம். தம்பிங்க போன் பண்ணி "மீன்பிடித் துறைமுக வாழ்க்கை பத்தி பேசுங்கண்ணே"ன்னு கேட்டப்போ நான் முதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன், ஏன்னா நான் கடலுக்கு போறவன் இல்ல, ரெண்டே ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் வாந்தி எடுத்துட்டு ஐஸ் பெட்டி பக்கத்துல சுருண்டு படுத்துட்டேன். நான் காசிமேட்டுல, அதான் வட சென்னை மீன்பிடித் துறைமுகத்துல, படகுக்கு கணக்கு எழுதுறவன். எங்கம்மா மீன் வித்தவங்க. அதனால கடலைப் பத்தி நான் பேசப் போறதில்ல, கரையில காசு எப்படி ஓடுதுன்னு மட்டும் சொல்றேன்.

இங்க எத்தனை பேரு மீன் வாங்கும்போது பேரம் பேசுவீங்க? கை தூக்குங்க. ம்ம், எல்லாரும்தான். தப்பில்ல, நானும் பேசுவேன், அந்த அக்காவும் அதை எதிர்பார்த்துதான் விலை சொல்லுவாங்க. ஆனா நீங்க குறைக்கச் சொல்ற அந்த அம்பது ரூபா எங்கிருந்து வருது, அதை மட்டும் பார்த்துடுவோம்.

நம்ம ஊர்ல நைட் ஒரு மணி ரெண்டு மணின்னா எல்லாம் அடங்கிடும், காசிமேட்டுல அப்பத்தான் டீக்கடையில கூட்டம். லாஞ்சு, அதான் பெரிய விசைப்படகு, உள்ள வரும்போதே தெரியும், இருட்டுல லைட்டு மட்டும் ஆடிக்கிட்டு வரும், அதுக்கு முன்னாடியே வீட்டுக்கு போன் வந்துடும், ஏன்னா நடுக்கடல்ல டவர் கிடையாது, கரை நெருங்க நெருங்க எட்டு ஒம்பது பேரோட போனும் ஒரே நேரத்துல மெசேஜ் சத்தத்துல கத்த ஆரம்பிக்கும், பத்து நாள் சேர்ந்த மெசேஜ். படகு ஓட்டுற டிரைவர் ஒருத்தர் என்கிட்ட சொன்னாரு, கரை வந்துடுச்சுன்னு எனக்கு லைட்ஹவுஸ் சொல்லாது, என் பையனோட வாட்ஸ்அப்தான் சொல்லும்னு.

மீனை இறக்கி ரகம் ரகமா பிரிப்பாங்க. வஞ்சரம் தனி, வவ்வால் தனி, சங்கரா தனி, கணவாய் தனி (எங்க பக்கம் அதை கடம்பான்னுவோம்), இறால் தனி, மீதி பொடி எல்லாம் ஒரு குவியல். அப்புறம் ஏலம். ஏலம் எப்படி நடக்கும்னு ஒரே ஒரு கூடையை வச்சு சொல்றேன். ஒரு கூடை சங்கராவை சிமெண்ட் தரையில கவுத்துக் கொட்டுவாங்க, ஐஸ் தண்ணி ஓடிவந்து உங்க செருப்பை நனைக்கும். ஏலம் விடுறவர் மேல நிமிர்ந்தே பார்க்க மாட்டாரு, ரெண்டாயிரம் ரெண்டாயிரம் ரெண்டாயிரத்து நூறு நூறு நூறுன்னு மூச்சு விடாம போய்க்கிட்டே இருப்பாரு. சுத்தி இருபது பொம்பளைங்க நிப்பாங்க, யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஒருத்தங்க கண்ணை மூடித் திறப்பாங்க, ஒருத்தங்க முந்தானையை லேசா இழுப்பாங்க, அதுதான் அவங்க ஏலம் கேக்கறது. புதுசா போனவனுக்கு ஒண்ணும் புரியாது, என்னடா இவரு தனியா பேசிக்கிட்டு இருக்காருன்னு தோணும். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். எங்கம்மா ஏலத்துக்கு முன்னாடி ஒரே ஒரு மீனை எடுத்து செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்க, விரலால வயித்தை ஒரு அமுக்கு, அவ்ளோதான். அமுக்கின பள்ளம் திரும்பி எழும்பிச்சுன்னா வாங்குவாங்க, இல்லன்னா பக்கத்து கூடைக்கு போயிடுவாங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். சும்மா புரியறதுக்கு ரவுண்டா சொல்றேன், படகுக்கு படகு மாறும், சண்டைக்கு வராதீங்க. ஒரு லாஞ்சு பத்து நாள் தங்கல், அதாவது கடல்லயே தங்கி மீன் புடிக்க, போயிட்டு வந்து எட்டு லட்சத்துக்கு மீன் வித்துச்சுன்னு வைங்க. கேக்கவே நல்லா இருக்குல்ல? டீசல் நாலு லட்சம். ஐஸ், அரிசி பருப்பு, தண்ணி கேன், வலை ரிப்பேர், ஏலக் கமிஷன், கூலி எல்லாம் சேர்த்து ஒண்ணரை. மீதி ரெண்டரை. அதுல அறுபது பர்சன்ட் ஓனருக்குன்னா ஒண்ணரை போயிடுச்சு. மீதி ஒரு லட்சம் ஆளுங்களுக்கு. ஒம்பது பேரு, டிரைவருக்கு ரெண்டு பங்கு, ஆக பத்து பங்கு. ஒரு பங்கு பத்தாயிரம். பத்து நாளைக்கு. அதுல பாதியை போறதுக்கு முன்னாடியே அட்வான்ஸா வீட்டுல குடுத்துட்டு போயிருப்பான். ஓனரை வில்லன்னு நினைக்காதீங்க, எஞ்சின் ஒரு தடவை மடக்கிச்சுன்னா அவரோட ஒண்ணரையும் அங்கயே காலி, மீன்பாடு இல்லாத, அதான் மீன் சரியா கிடைக்காத தங்கல்ல டீசல் கடன் அவரு தலையிலதான். கடலுக்குள்ள போட்ட டீசலை திருப்பி அள்ள முடியாதுல்ல.

ஐஸ்னு சொன்னேன்ல, அதுல எனக்கு ஒரு அவமானம் நடந்துச்சு. நான் சேர்ந்த புதுசு. ஒரு தங்கல் கணக்கு படிச்சுக்கிட்டு இருக்கேன், எல்லாரும் சுத்தி உக்காந்திருக்காங்க, "ஐஸ் 410 பார்"னு படிச்சேன். அந்தப் படகு டிரைவருக்கு கையெழுத்து போடத் தெரியாது, கைநாட்டுதான். பீடியை கீழ வச்சுட்டு, "தம்பி, ஒரு பார் அம்பது கிலோ, நானூத்திப் பத்துன்னா இருபது டன்னுக்கு மேல, அதை ஏத்தினா என் படகு வார்ப்புலயே, படகு கட்டுற மேடைகிட்டயே, உக்காந்துடும், நீ மீனை எங்க போடுவ?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. 140ஐ மாத்தி எழுதியிருக்கேன். நான் பி.காம். அன்னிலேர்ந்து எந்தக் கணக்கையும் நானா கூட்டினதோட விட மாட்டேன், படகுக்காரங்க கிட்ட வாய்விட்டு படிச்சுக் காட்டுவேன், அவங்க தலையில இருக்கற கணக்குதான் ஒரிஜினல், என் நோட்டு ஜெராக்ஸ்.

இப்போ கூடையை வாங்கின அக்கா. அவங்க கையில ரொக்கம் இருக்காது, தண்டல் வாங்கியிருப்பாங்க. தண்டல்னா தெரியாதவங்களுக்கு சொல்றேன், பத்தாயிரம்னு பேரு, கையில வர்றது எட்டாயிரத்து ஐநூறு, நாளைக்கு நூறு ரூபா வீதம் நூறு நாள் கட்டணும். மழையோ புயலோ சாவோ, சாயங்காலம் நோட்டோட ஆள் வந்து நிப்பான். அந்தக் காசுல கூடையை எடுத்து, ஐஸ் தட்டிப் போட்டு, நாலு பேரா சேர்ந்து மீன்பாடி வண்டியோ ஆட்டோவோ புடிச்சு, பெரம்பூரோ கொளத்தூரோ போய் உக்காரணும். பதினோரு மணி வெயில் வரைக்கும்தான் அவங்க டைம். அதுக்கப்புறம் ஒவ்வொரு அரை மணிக்கும் மீனோட விலை இறங்கும், ஐஸ் உருகும், புது ஐஸ் வாங்கணும், அதுவும் காசு. கிலோவுக்கு நாப்பது அம்பது நின்னா அன்னிக்கு நல்ல நாள்னு எங்கம்மா சொல்லுவாங்க. நீங்க குறைச்ச அம்பது எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

எங்கம்மா அன்னக்கூடையை தூக்கிக்கிட்டு போனா வாசல்ல கூப்புடுற வீட்டுல கூட தண்ணி கேட்டா வேற சொம்புல குடுப்பாங்க. நாத்தம்னு. அதே மீனைத்தான் வறுத்து சாப்புடுவாங்க. சரி, அது பழைய கதை, விடுங்க.

அப்புறம் தடைக்காலம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு கடலுக்கு போகக் கூடாது, மீன் முட்டை போடற சீசன்னு. முன்னாடி 45 நாளா இருந்துச்சு, 2017லதான் 61 ஆக்கினாங்க. சின்ன ஃபைபர் படகு, கட்டுமரம் போகலாம். அந்த ரெண்டு மாசம் காசிமேடு வேற ஊரு மாதிரி இருக்கும், படகை மேல ஏத்தி பலகை மாத்துவாங்க, பெயிண்ட் அடிப்பாங்க, நிழல்ல உக்காந்து வலை பொத்துவாங்க. வலை பொத்தறதைப் பாருங்க ஒரு நாள். கால் கட்டை விரல்ல வலையை மாட்டி இழுத்துப் புடிச்சுக்கிட்டு, ஊசியில நூலைச் சுத்தி கண்ணு கண்ணா முடிச்சு போடுவாங்க, பேசிக்கிட்டே, பார்க்காமலே. எல்லா கண்ணும் ஒரே அளவு வரும். பெரியவர் ஒருத்தருக்கு கட்டை விரல் நகத்துக்கு கீழ ஒரு பள்ளமே இருக்கு, நாப்பது வருஷ வலை.

தடைக்காலத்துல கேரளா பக்கத்துலேர்ந்து லாரியில மீன் வரும், அந்தக் கரைக்கு தடை ஜூன்லதான் ஆரம்பிக்கும், அதான் மே மாசம் வஞ்சரம் விலை கேட்டா மயக்கம் வருது. அரசாங்கம் நிவாரணம் குடுக்குது, 5,000 இருந்ததை 8,000 ஆக்கறதா 2023ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல அறிவிச்சாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு குடும்பத்துக்கு. தண்டல்காரன் நோட்டுக்கு மட்டும் தடைக்காலம் கிடையாது.

ஒரு தம்பி வரும்போது கேட்டாரு, ஏன் வட சென்னையில பீச்சே இல்ல, கல்லு மட்டும் கொட்டி வச்சிருக்காங்கன்னு. இதுவும் ஒரு வரவு செலவு கணக்குதான். நம்ம கடல்ல வருஷம் முழுக்க பார்த்தா மணல் தெற்கிலேர்ந்து வடக்கு பக்கமா நகரும். 1870கள்ல வெள்ளைக்காரன் ஹார்பருக்கு கடலுக்குள்ள சுவர் கட்ட ஆரம்பிச்சான். வர்ற மணல் எல்லாம் சுவருக்கு தெற்கே நின்னுடுச்சு. அது மெரினாவுக்கு வரவு. நாம சுண்டல் சாப்புடுற அந்த அகலமான மணல்ல பெரும்பகுதி அப்படி சேர்ந்ததுதான். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் செலவு, கடல் தின்னுக்கிட்டே வந்துச்சு, தெருவெல்லாம் போச்சு, இப்போ கல்லு. ராயபுரம்னு பேரு வந்ததே ராயப்பர்லேர்ந்து, அதான் புனித பீட்டர், அவரே மீனவர். அவரு பேர்ல இருக்கற ஊர்லயே படகு ஏத்த மணல் இல்ல.

எண்ணெய் விவகாரம் ஞாபகம் இருக்கா? 2017 ஜனவரி 28, எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு, பசங்க பக்கெட்ல அள்ளினதை டிவியில பார்த்திருப்பீங்க. பக்கெட் மட்டும்தான் காட்டினாங்க. அந்த வாரம் ஏலத்துல நின்ன அக்காங்களை யாரும் காட்டல. ஆழ்கடல்ல புடிச்ச மீனா இருந்தாலும் வாங்க ஆள் இல்ல, சங்கரா கூடையை கொட்டிட்டு ஏலம் விடுறவர் கீழ கீழ இறங்கிக்கிட்டே போறாரு, நான் பார்த்ததுலயே அப்படி ஒரு ஏலம் அதுக்கு முன்னாடி இல்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல மறுபடியும் எண்ணெய், மறுபடியும் அதே பக்கெட். மீன் கெடாம இருக்க ஃபார்மலின்னு ஒரு கெமிக்கல் போடறாங்கன்னு பேச்சு வந்த 2018லயும் இதே கதைதான், யாரோ பண்ற தப்புக்கு இங்க அன்னக்கூடை விக்காம திரும்பி வரும். புயல் வந்தா கூண்டு ஏத்தி சொல்றாங்க, ஒண்ணாம் நம்பர் மூணாம் நம்பர்னு ஹார்பர்ல தொங்கும். மீன் விலை விழப்போகுதுன்னு சொல்ல எந்தக் கூண்டும் கிடையாது.

கேள்வி கேக்கறதா சொன்னாங்க, ஒண்ணு ரெண்டு சொல்லிடறேன். சண்டே வரலாமான்னு கேக்கறாங்க, தயவுசெஞ்சு வராதீங்க, நடக்கவே இடம் இருக்காது, விலையும் அன்னிக்குத்தான் அதிகம், வாரநாள்ல விடியக்காலம் வாங்க. நல்ல செருப்பு போட்டுட்டு வராதீங்க. மூடி போட்ட டப்பா எடுத்துட்டு வாங்க. மீன் வெட்டித் தர்றவங்களுக்கு தனியா காசு, அதுல பேரம் வேணாம், ஒரு வஞ்சரத்தை அவங்க தலையெடுத்து துண்டு போடற வேகத்தைப் பார்த்தா நீங்களே கூட குடுப்பீங்க. நான் என்ன மீன் சாப்புடுவேன்னு ஒரு பொண்ணு கேக்குது. காரப்பொடிம்மா, மசாலா இல்ல, பொடி மீனு. கொழம்பு வச்சு, அடுத்த நாள் காலையில பழைய சோத்துக்கு. வஞ்சரத்தை நான் நோட்டுல மட்டும்தான் அதிகமா பார்க்கறேன்.

மணி எட்டாயிடுச்சு, நான் கிளம்பணும். ரெண்டு மணிக்கு மூணு படகு வருது, ஒரு படகுல மீன்பாடு நல்லாருக்குன்னு போன் வந்துச்சு. இன்னொரு படகுலேர்ந்து இன்னும் போனே வரல.