ஊன்றுகாலின் முதல் வாரம்

(நாடு கடக்கும் ஸ்கேட்போர்டு பயணத்துக்கு ஆயத்தமாகும் இளைஞர்களிடையே, சேலத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். போர்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். பிள்ளைகள் என்ன செய்யப்போகிறார்களோ என்ற கவலையோடு பின்வரிசையில் இருக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

உங்கள் திட்டத்தைப் படித்தேன். ஏற்காட்டில் தொடங்கி, மலையிறங்கி, சேலத்தைக் கடந்து, தேசிய நெடுஞ்சாலை 44ஐப் பிடித்து, வடக்கே காஷ்மீர் வரை போவதாக எழுதியிருக்கிறீர்கள். போக வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் அந்தத் திட்டத்தின் முதல் வாரத்தை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன். முதல் வாரம் முழுவதையும் சேலத்தைச் சுற்றியே கழியுங்கள். நாடு அதற்குப் பிறகும் அங்கேதான் இருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். நான் நாள்தோறும் கால்களைப் பார்க்கிறவன். நெடுந்தூரம் போகிறவரின் உந்துகாலைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். தரையை உதைப்பது அதுதானே? உண்மையில் முதலில் நொந்துபோவது போர்டின் மேல் நிற்கிற ஊன்றுகால். ஒவ்வொரு முறை உதைக்கும்போதும் அந்த ஒரு கால்தான் உடம்பு முழுவதையும் தாங்கிக்கொண்டு, முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பிறகு நிமிர்கிறது. அதாவது, ஒவ்வொரு உதைக்கும் ஓர் ஒற்றைக்கால் தோப்புக்கரணம். ஒரு உதைக்கு ஐந்து மீட்டர் நகர்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 200 ஆயிற்று. 30 கிலோமீட்டர் போனால் 6,000. இதை ஒரே காலில், ஒரே நாளில் செய்துவிட்டு மறுநாளும் செய்ய வேண்டும்.

இங்கேதான் உடம்பு நம்மை ஏமாற்றும். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசையும் சில வாரங்களில் வலுப்பெறும். தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண் அப்படியல்ல. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, அது உறுதியாவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் மூன்றாம் நாள் காலையில் உங்களுக்கு உற்சாகம் பொங்கும். இன்னும் 20 கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றும். அப்படித் தோன்றச் செய்வது மூச்சும் தசையும்தான். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் நாணும், குதிகாலுக்கு மேலே இருக்கும் நாணும் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அவை உடனே வலித்துச் சொல்வதும் இல்லை. ஓய்ந்து படுத்து, மறுநாள் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதுதான் சொல்லும். காலையில் வரும் அந்த விறைப்பு நடக்க நடக்கக் குறைந்துவிடுகிறது என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். நாண் கொடுக்கும் முதல் எச்சரிக்கை அதுதான்.

ஆகையால் பயணத்துக்கு முன்பே இரண்டு கால்களாலும் உதைக்கப் பழகுங்கள். வலக்காலால் உதைக்கிறவர் இடக்காலாலும் உதைக்க வேண்டும். ஆரம்பத்தில் அது மிகவும் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். கால் மாற்றத் தெரியாதவர் நாடு கடக்கப் புறப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

போர்டில் உருண்டே நெடுந்தூரம் கடப்பதை உலகம் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. முதன்முதலில் இந்தப் பலகைகளுக்கு இரும்புச் சக்கரம், பிறகு களிமண் கலவைச் சக்கரம். ஒரு சிறு கல் பட்டால் போதும், சக்கரம் நின்றுவிடும், ஆள் பறந்துவிடுவார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற அமெரிக்கர், ரப்பர் போல மீள்தன்மையுள்ள பாலியுரேத்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சக்கரத்தைக் கொண்டுவந்தார். அது சாலையைப் பற்றிக்கொண்டது, கல்லையும் தாண்டியது. சில ஆண்டுகள்தான் கழிந்தன, 1976இல் ஜாக் ஸ்மித்தும் நண்பர்கள் இருவரும் மாறி மாறி உதைத்து அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்துவிட்டார்கள். 32 நாட்கள் பிடித்தன. சக்கரத்தின் பொருள் மாறியதும் ஒரு கண்டமே கைக்கெட்டியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

அதன் பிறகு பிரிட்டனைச் சேர்ந்த டேவ் கார்ன்த்வைட் 2006 – 07இல் ஆஸ்திரேலியாவை பெர்த்திலிருந்து பிரிஸ்பேன் வரை கடந்தார். நியூசிலாந்தின் ராப் தாம்சன் 2007 ஜூனில் ஸ்விட்சர்லாந்தில் தொடங்கி, ஐரோப்பா, அமெரிக்கா, சீனா என்று போய், 2008 செப்டம்பரில் ஷாங்காயில் முடித்தார். 12,159 கிலோமீட்டர். ஆனால் தாம்சன் ஸ்விட்சர்லாந்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் தெரியுமா? ஜப்பானிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார். போர்டில் ஏறும் முன்பே அந்தக் கால்களுக்குள் ஒரு கண்டத்தின் உழைப்பு ஏறியிருந்தது. உங்கள் கால்களுக்கு அது இல்லை. நான் ஒரு வாரம் கேட்பது அதனால்தான்.

இனி ஏற்காட்டுக்கு வருவோம். சேர்வராயன் மலையில் தொடங்கினால் படம் எடுக்க அழகாக இருக்கும், தெரியும். ஆனால் ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம்; சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பையோடு சேர்த்து 75 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த 1,200 மீட்டர் இறங்கும்போது, உயரத்தால் கிடைத்த ஆற்றல் எங்காவது வெப்பமாகக் கழிய வேண்டும். கணக்குப் போட்டால், ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். காருக்கு அதைத் தாங்க நான்கு சக்கரங்களில் பிரேக் இருக்கிறது, என்ஜினும் பிடித்து நிறுத்தும். உங்களுக்கு இருப்பது ஒரு செருப்பின் அடிப்பாகம்! போர்டைக் குறுக்கே திருப்பிச் சறுக்கி வேகத்தைக் கொல்லும் முறை உண்டு. தடித்த கையுறையோடு, போக்குவரத்து அடைக்கப்பட்ட சாலையில் அதைச் செய்கிற தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நம் மலைப்பாதையில் வளைவுக்கு அப்பால் பஸ் வருகிறதா, குரங்குக்குப் பழம் போட ஒருவர் காரை நிறுத்தியிருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது. அடிவாரத்திலிருந்து தொடங்குங்கள். ஏற்காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு பஸ்ஸில் போய்வாருங்கள்.

அடுத்து தொப்பூர் கணவாய். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் இடையே அந்தச் சரிவு எத்தனை குடும்பங்களை அழவைத்திருக்கிறது என்பதை இந்த அவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் சூடேறிக் கட்டுப்பாட்டை இழக்கும் இடம் அது. அதை பஸ்ஸில் கடந்துவிடுங்கள். ‘அப்படியானால் முழு நாட்டையும் உருண்டே கடந்ததாகச் சொல்ல முடியாதே’ என்று ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. சொல்லுங்கள் தம்பி, தொப்பூரைத் தவிர என்று சேர்த்துச் சொல்லுங்கள். 2022இல் கேரளத்து இளைஞர் ஒருவர் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு இதே போல ஸ்கேட்போர்டில் புறப்பட்டார். நாட்டின் பெரும்பகுதியைக் கடந்து ஹரியானா வரை போய்விட்டார். ஆகஸ்ட் மாதத்தில் அங்கே ஒரு லாரி மோதி உயிரிழந்தார். திறமையில் அவருக்குக் குறையில்லை. அவரை மரியாதையோடு நினைவுகூர்கிறேன். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, ஓட்டுநர் ஒரு முறை கண்ணைத் திருப்பிப் பார்க்கும் ஒரு நொடிக்குள் பதினாறு மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதை ஈடுகட்டும் திறமை எந்தக் காலிலும் இல்லை.

அந்த முதல் வாரத்துக்குத் தாரமங்கலம், ஜலகண்டபுரம், எடப்பாடி பக்கத்துச் சாலைகள் போதும். தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள். தண்ணீர் கேட்டால் மோர் கொடுக்கும் வீடுகள். காலை வெளிச்சம் வந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் தாரின் மேற்பரப்பு 60ஐத் தாண்டும். உந்துகால் அதைத்தான் ஆயிரக்கணக்கான முறை தொடப்போகிறது. ஜல்லி தெரியும் சாலையில் 70 மில்லிமீட்டருக்குக் குறையாத மென்மையான சக்கரம் போடுங்கள். சிறிய கடினச் சக்கரம் ஒவ்வொரு ஜல்லியின் அதிர்வையும் அப்படியே பாதத்துக்கு அனுப்பும். பகலில் தூங்குங்கள். கூழோ பழைய சோறோ, உப்புப் போட்டுக் குடியுங்கள். முதல் நாள் 10 கிலோமீட்டர் போதும். நான்காம் நாள் கட்டாய ஓய்வு. மறுநாள் காலை விறைப்பு இருந்தால் அன்றும் ஓய்வு. இரவு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பெற்றோர் உங்கள் முழங்காலைப் பார்க்கட்டும்.

வலியோடு எழும் ஒரு நாளில் புறப்படலாமா கூடாதா என்று முடிவெடுக்க, உள்ளூரில் இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். நாக்பூருக்கு அருகே தனியாக இருக்கும்போது அதை முதல்முறையாகக் கற்றுக்கொள்வது மிகக் கடினம்.

பேச்சு போதும். மேடைக்குக் கீழே நான்கு நாற்காலிகள் போட்டிருக்கிறோம். பயணம் போகிறவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஒரு காலை நீட்டி, மற்றொரு காலால் மட்டும் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். பத்து முறை. பிறகு கால் மாற்றிப் பத்து முறை. முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறதா என்று நான் பார்க்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். போர்டையும் கொண்டுவாருங்கள், சக்கரங்களையும் பார்த்துவிடலாம்.