தாள் பிலிமோடு விமானம் ஏறுவது எப்படி?

[காட்சி: விடியற்காலை, மட்டக்களப்பு கல்லடிப் பாலம். முக்காலியில் ஒரு மரக் கமரா. கறுப்புத் துணிக்குள் ஒருவர் குனிந்து நிற்கிறார்.]

குரல்: 1924இல் திறக்கப்பட்ட இந்த இரும்புப் பாலத்தை ஒரு படம் எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. முக்காலியை ஊன்ற வேண்டும், துருத்தியை விரிக்க வேண்டும், மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் வாவியைக் கூர்மைப்படுத்த வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒரே ஒரு தாள் பிலிம். நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம். 35 மில்லிமீற்றர் பிலிமின் ஒரு படத்தைவிட ஏறத்தாழ 15 மடங்கு பரப்பு.

அப்படி எடுத்த பத்துத் தாள்களை ஒருமுறை உடுப்புப் பெட்டிக்குள் வைத்து, விமானத்தின் சரக்கறைக்கு அனுப்பிவிட்டேன். கழுவிப் பார்த்தபோது ஒவ்வொரு தாளிலும் குறுக்கே ஒரு பட்டை ஓடியிருந்தது. பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ் கதிரின் வேலை அது. அந்தக் காலைகள் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே இந்த வீடியோ.

[காட்சி: பழைய எக்ஸ்ரே படம் ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கப்படுகிறது.]

குரல்: எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் தரும் இந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காத வீடு நம் ஊரில் இல்லை. 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ரோண்ட்கன், தன் மனைவியின் கை எலும்புகளைப் பதித்ததும் புகைப்படத் தட்டில்தான். பிலிமில் உள்ள வெள்ளி உப்புப் படிகங்களுக்கு ஒளியும் எக்ஸ் கதிரும் ஒன்றுதான். எது பட்டாலும் அவை பதிவு செய்துவிடும். பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், கூடக் கூட படிகங்கள் பெரிதாகும், கதிர் தாக்கும் வாய்ப்பும் பெருகும். இருண்டிருக்க வேண்டிய நிழல்கள் சாம்பல் பூத்துப்போகும்.

எனவே முதல் விதி: கழுவாத பிலிம் ஒருபோதும் சரக்கறைக்குப் போகக்கூடாது. அங்கே பயன்படும் கதிர் மிக வலியது. ஈயப் பையும் காப்பாற்றாது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் பையைத் திறந்து பார்ப்பார்கள், அல்லது மறுபடியும் கதிருக்குள் அனுப்புவார்கள்.

கைப்பையைச் சோதிக்கும் பழைய வகை இயந்திரம் அவ்வளவு கொடியதல்ல. ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வேகத்தைக் காட்டும் எண். ஐஎஸ்ஓ 800க்குக் குறைந்த பிலிம் ஓரிரு தடவை அதனுள் போய் வந்தால் கண்ணுக்குத் தெரியும் கேடு வருவது அரிது. ஆனால் கதிரின் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு தடவை, இடையில் விமானம் மாறும் இடத்தில் ஒரு தடவை, திரும்பும்போது மேலும் இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: பழைய இயந்திரமும் சிடி ஸ்கேனரும் அருகருகே, கோட்டுப்படமாக.]

குரல்: எனக்கு உண்மையான அச்சம் இந்த இரண்டாவது இயந்திரத்தைப் பற்றித்தான். மடிக்கணினியைப் பைக்குள்ளேயே விட்டுவிடுங்கள் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இருப்பது சிடி ஸ்கேனர். பையைச் சுற்றிச் சுற்றிக் கதிரைப் பாய்ச்சி முப்பரிமாணப் படம் எடுக்கும். எந்த வேகத்துப் பிலிமையும் இதற்குள் அனுப்ப வேண்டாம் என்பதே கோடாக் நிறுவனத்தின் அறிவுரை. கையால் சோதிக்கும்படி கேளுங்கள். அமெரிக்காவில் பயணிகள் அப்படிக் கேட்கலாம் என்று விதியே உண்டு. மற்ற இடங்களில் முடிவு அந்த அதிகாரியின் கையில். அதனால் வரிசை நீளுமுன்பே போய், பிலிமைத் தனியாகக் கண்ணாடிப் பையில் நீட்டி, பணிவாகக் கேளுங்கள்.

தாள் பிலிம்காரருக்கு இங்கேதான் சிக்கல். சுருள் பிலிமின் டப்பாவை அதிகாரி திறந்து பார்க்கலாம். தாள் பிலிம் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் 25 தாள்களும் அந்த நொடியே போய்விடும். பெட்டியின் மேல் "திறக்க வேண்டாம், ஒளி பட்டால் அழிந்துவிடும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து வெடிமருந்துச் சோதனை செய்யும்படி நீங்களே கேளுங்கள். தாளை ஒளி படாமல் வைத்துக் கமராவில் செருகும் சட்டங்களான ஹோல்டர்களை வெறுமையாகக் கொண்டுபோங்கள். பிலிம் ஏற்றிய ஹோல்டரின் மூடியை ஓர் ஆர்வமுள்ள கை இழுத்துவிட்டால் தடுக்க நேரம் இருக்காது. ஒளி புகாமல் கைகளை மட்டும் நுழைத்துப் பிலிமைக் கையாளும் இருட்டுப் பையைக் கையோடு எடுத்துச் சென்று, போய்ச் சேர்ந்த பின் ஏற்றிக்கொள்ளலாம். எடுத்த தாள்களைப் போட ஒரு காலிப் பெட்டியும் வேண்டும்.

[காட்சி: மேசை மேல் கமரா, லென்ஸ், முக்காலி.]

குரல்: மற்றவை எளிது. லென்ஸும் மங்கல் கண்ணாடியும் கைப்பையில். முக்காலி சரக்கறையில். ஒளிமானியின் உதிரி லித்தியம் பற்றரிகள் கைப்பையில் மட்டுமே. பிலிம் கழுவப் பயன்படும் செறிந்த அசற்றிக் அமிலத்தைக் கொண்டுபோகவே கூடாது.

நமது வெயிலையும் மறக்கக்கூடாது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்தில் போகும்போது பிலிமை ஜன்னலோரம் வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால், சில மணி நேரம் உறை பிரிக்காமல் வையுங்கள். இல்லாவிட்டால் ஈரம் படிந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் இப்போது செய்வதையும் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைத் தாள்களைப் பயணத்துக்கு முந்தின இரவே வீட்டில் கழுவிவிடுகிறேன். நம் குழாய்த் தண்ணீர் சூடானது. பனிக்கட்டி போட்டுத்தான் 20 பாகைக்கு இறக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கழுவி முடித்த பிலிமை எந்தக் கதிரும் ஒன்றும் செய்யாது.

[காட்சி: கயிற்றில் காயும் நெகட்டிவ்கள். அவற்றில் கல்லடிப் பாலம்.]