ஃபிஷ்மன்ஸை முடிவிலிருந்து கேட்க வேண்டாம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வீடியோ முழுக்க ஒரே ஒரு பேண்ட்தான். ஜப்பானின் ஃபிஷ்மன்ஸ் இசைக்குழு. பாட்டை ஓட விட்டால் காப்புரிமைப் பிரச்சினை வரும், அதனால் எதையும் போட்டுக் காட்டப் போவதில்லை. பெயர்களைச் சொல்கிறேன், நீங்களே தேடிக் கேளுங்கள்.

இவர்களைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு ஓர் இடத்தில்தான் போய் நிற்கும். 1998 டிசம்பர் 28, டோக்கியோவில் அகசாகா பிளிட்ஸ் அரங்கில் நடந்த கச்சேரி. அந்தக் கச்சேரியின் பதிவு மறு வருடம் இரண்டு டிஸ்க்காக வெளிவந்தது. உலகம் முழுக்க இசை ரசிகர்கள் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் இடங்களில் எல்லாம், நேரலைப் பதிவுகள் என்று எடுத்தால் இது முன்வரிசையில் நிற்கிறது. ஜப்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்கள், அந்தக் கச்சேரி நடந்தபோது பிறந்திருக்கக்கூட மாட்டாதவர்கள், கேட்டு அழுதேன் என்று எழுதுகிறார்கள். முதல் முறை கேட்பதை அப்படியே படம் பிடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஏன் அப்படி அழ வைக்கிறது? அந்தக் கச்சேரி நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1999 மார்ச் 15 அன்று பாடகர் ஷின்ஜி சாட்டோ இறந்துவிட்டார். வயது 33. பாடல்கள் எழுதியவர், கிட்டார் வாசித்தவர், அந்த மெல்லிய, சிறுவனின் குரல் போல உயரத்தில் மிதக்கும் குரலுக்குச் சொந்தக்காரர், எல்லாம் அவர்தான். அந்தக் கச்சேரி இடம்பெற்ற சுற்றுப்பயணத்துக்கு வைத்த பெயரே 'ஆண்களின் பிரிவு'. இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒருவர் அந்தப் பதிவைப் போட்டால், தன் மரணத்தை முன்கூட்டியே அறிந்த மனிதன் உலகத்திடம் விடைபெறுவதாகத்தான் காதில் விழும்.

நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான். அந்தப் பிரிவு சாட்டோவின் பிரிவு இல்லை. பேஸ் கிட்டார் வாசித்த யுசுரு காஷிவாபாரா பேண்டை விட்டுப் போவதாக முடிவாகியிருந்தது. அவரை வழியனுப்பத்தான் அந்தப் பயணம். மேடையில் நின்றவர்கள் பிரிந்தது ஒரு நண்பனை. சாட்டோவும் டிரம்ஸ் வாசிக்கும் கின்இச்சி மொடேகியும் பேண்டைத் தொடர்ந்து நடத்துவதாகத்தான் இருந்தது. அதே டிசம்பரில் புதிய சிங்கிள்கூட, அதாவது தனியாக விடும் ஒரு பாட்டு, வெளியிட்டிருந்தார்கள், 'யுராமெகி இன் தி ஏர்'. பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. அதைத் தைரியமாக சிங்கிள் என்று வெளியே விடுகிறவர்கள் கடையை மூடுகிறவர்கள் இல்லை. அடுத்து எங்கே போகலாம் என்று துழாவிக்கொண்டிருந்தவர்கள்.

அந்தப் பதிவின் முதல் டிஸ்க்கில் ஓர் இடம் இருக்கிறது. 'ஹிகோகி', அதற்கு அடுத்து 'இன் தி ஃப்ளைட்'. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறார்கள். 'ஹிகோகி' 1991-ல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிள். 'இன் தி ஃப்ளைட்' 1997-ல் வந்த கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தில் உள்ளது. இரண்டுமே ஆகாய விமானத்தைப் பற்றியவை, நடுவில் ஆறு வருடம். இரண்டாவது பாட்டில் சாட்டோ பாடுவதன் சாரம் இதுதான்: கதவுக்கு வெளியே நின்று யோசித்தேன், இன்னும் பத்து வருடம் போனால் எதையும் செய்துவிடலாம் என்று தோன்றியது; ஆனால் அது பொய், என்னால் ஒன்றும் முடியாது. வெளிநாட்டு ரசிகர்களில் பலர் இந்த இடத்தில்தான் உடைந்து போகிறார்கள். பத்து வருடம் என்று பாடியவருக்குப் பதினொரு வாரம்தான் மீதி இருந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்குப் புரிகிறது, அந்தக் கணக்கு தானாக மனசில் ஓடும். ஆனால் அந்த வரிகளை எழுதியபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான். அந்த வயதில் யாருக்கும் வரும் சலிப்பு அது. இன்னும் சாதிக்கவில்லையே, இனி சாதிப்போமா என்கிற சாதாரணச் சலிப்பு. அதை எந்த நாடகமும் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிற தொனியில் பாடுகிறார். அதை ஜோசியமாக மாற்றிவிட்டால் பாட்டு சின்னதாகிவிடுகிறது. ஒரு மனிதருக்கு மட்டும் நடந்த விஷயமாகிவிடுகிறது. இல்லாவிட்டால் அது உங்களைப் பற்றியும் என்னைப் பற்றியும்தான்.

சரி, பாட்டுகளை இப்படி விடைபெறுதலாகப் புரிந்துகொள்வது எப்படி வந்தது? எனக்குத் தோன்றுவது, கேட்கும் வரிசைதான் காரணம். தொண்ணூறுகளில் ஜப்பானில் இருந்த ரசிகர்கள் முதல் ஆல்பத்திலிருந்து வந்தார்கள். 1991-ல் வந்த 'சாப்பி, டோன்ட் க்ரை'. அதைத் தயாரித்தவர் கஸுஃபுமி கொடாமா, மியூட் பீட் என்ற ஜப்பானிய டப் குழுவின் டிரம்பெட் கலைஞர். வேர் அங்கேதான் இருக்கிறது. ராக்ஸ்டெடி, ரெகே, டப் என்ற ஜமைக்கா இசை வகைகள். வெளிநாட்டில் இவர்களுக்கு டிரீம் பாப், அதாவது கனவு போல மிதக்கும் பாப், என்று ஒட்டியிருக்கும் பெயர் தப்பில்லை. ஆனால் அந்தக் கனவுத்தன்மை ரெகேயிலிருந்து வருகிறது. டப்பில் ஒரு சத்தத்தை மட்டும் பிடித்துக் கிணற்றுக்குள் கூப்பிட்ட மாதிரி எதிரொலிக்க விடுவார்கள், மற்ற வாத்தியங்களை நிறுத்திவிடுவார்கள். அந்த வெற்றிடத்தைத்தான் ஃபிஷ்மன்ஸ் கடைசி வரைக்கும் விடவில்லை.

இன்றைக்குக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கச்சேரியில் நுழைகிறார்கள். பரிந்துரைகள் எல்லாம் அதைத்தான் முதலில் காட்டுகின்றன. அதன் பிறகு 'லாங் சீசன்'. பிறகு மெதுவாகப் பின்னோக்கிப் போகிறார்கள், சிலர் அதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். அதனால் துக்கம் முதலில் வந்துவிடுகிறது, சந்தோஷம் பின்னால் வந்து சேருகிறது. வந்து சேரும்போது அதற்கு இடமில்லை.

'லாங் சீசன்' பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 1996 அக்டோபர். ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, 35 நிமிடம். அந்த வருடம் பிப்ரவரியில்தான் 'குச்சு கேம்ப்' வந்திருந்தது. அடுத்த ஜூலையில் 'உச்சு நிப்பொன் செடகாயா' வந்தது. ஒன்றரை வருடத்தில் மூன்று ஆல்பங்கள், மூன்றும் வேறு வேறு ஜாதி. பாலிடார் இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டதும் டோக்கியோவின் செடகாயா பகுதியில் அவர்களுக்கென்று ஒரு ஸ்டூடியோ கிடைத்தது. வாய்க்கிகி பீச் என்று பெயர் வைத்தார்கள். மணிக்கணக்கில் வாடகை ஓடும் ஸ்டூடியோவில் 35 நிமிடப் பாட்டை யாராலும் இப்படி இழைத்திருக்க முடியாது. ஸாக் என்ற ஒலிப்பொறியாளர் கிட்டத்தட்டப் பேண்டில் ஒருவராகவே உடன் இருந்தார்.

பாட்டில் நடப்பது என்னவோ சின்ன விஷயம். மாலை நேரத்தில் இரண்டு பேர் டோக்கியோவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிறார்கள், பாதி கனவில். அவ்வளவுதான் கதை. கீபோர்டில் ஒரு சின்னத் துணுக்கு சுற்றிச் சுற்றி வருகிறது. நடுவில் பாட்டே கரைந்துபோய், தண்ணீர்ச் சத்தமும் தாளக் கருவிகளும் மட்டும் மிஞ்சும். புதிதாகக் கேட்கிறவர்கள் பலர் அந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தத் துணுக்கு திரும்பி வரும்போது, நீங்கள் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் உங்களுக்கே தெரியும். அந்தப் பொறுமைக்குக் கிடைக்கிற கூலி அது.

கடைசிக் கச்சேரியில் இந்தப் பாட்டு 40 நிமிடத்தைத் தாண்டிப் போகிறது. மேடையில் ஐந்தே பேர். சாட்டோ, மொடேகி, காஷிவாபாரா, வயலினும் கீபோர்டும் வாசித்த ஹோன்சி, கிட்டாரில் மிச்சியோ செகிகுச்சி. ஒரு தடவையாவது சாட்டோவின் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டால் நல்லது, போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமலே போய்விடும். வெளியேறப் போகிற மனிதர் வாசிக்கிறார். அவசரமே இல்லை. தேவையான சுரத்தை மட்டும் வைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறார். மொடேகியின் டிரம்ஸ் அவரை விட்டு ஒரு கணமும் விலகவில்லை. அந்த இரவின் பிரிவு இந்த இரண்டு பேருக்கு நடுவில்தான் கேட்கிறது. குரலை மட்டும் கேட்டு அழுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இறந்துபோனதால்தான் இவ்வளவு புகழ், இல்லாவிட்டால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள் என்று சொல்கிற ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்களோடு நான் நீண்ட நேரம் சண்டை போட விரும்பவில்லை. 1993-ல் வந்த 'நியோ யாங்கீஸ் ஹாலிடே' ஆல்பத்தைப் போட்டு 'இகாரெதா பேபி' பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள், போதும். எல்லோரும் உயிரோடு, சிரித்துக்கொண்டு, ஒரு வெயில் நாளில் வாசிக்கிற பாட்டு அது. இதே பாட்டு கடைசிக் கச்சேரியிலும் உண்டு, 'லாங் சீசனு'க்கு நேர் முன்னால்.

இன்னொரு பெயரை ரசிகர்கள் போதுமான அளவு சொல்வதில்லை, அதுதான் மொடேகி. கிட்டார் வாசித்த கென்சுகே ஒஜிமா 1994-ல் போனார். கீபோர்டு ஹகாசே 1995-ல் போனார். 1998 முடிவில் காஷிவாபாரா. மார்ச்சில் சாட்டோ. எண்ணிப் பாருங்கள், ஐந்து பேரில் ஒருவர்தான் மிச்சம். அவர் பேண்டைக் கலைத்ததாக அறிவிக்கவே இல்லை. டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா என்ற இன்னொரு குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ஃபிஷ்மன்ஸ் பெயரை உயிரோடு வைத்திருந்தார். 2005-ல் ஹொக்கைடோவில் நடந்த ரைசிங் சன் ராக் விழாவில், விருந்தினர் பாடகர்களோடு ஃபிஷ்மன்ஸ் மறுபடி மேடை ஏறியது. பழைய நண்பர்களும் திரும்பி வந்து வாசித்தார்கள், காஷிவாபாராவும்தான். ஹோன்சி 2007-ல் காலமாகிவிட்டார்.

சாட்டோ இல்லாமல் அந்தப் பாட்டுகளை வேறு யாரும் பாடக்கூடாது என்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பாசம் புரிகிறது, ஆனால் நான் அந்தப் பக்கம் இல்லை. மேடையில் மொடேகியே டிரம்ஸ் வாசித்தபடி பாடுகிறார். அவர் குரல் வேறு, அதில் சாட்டோவின் மிதப்பு கிடையாது. ஆனால் அந்தப் பாட்டுகளின் தாளத்தைப் போட்டவர் அவர். அவருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு? 2021-ல் ஜப்பானில் இவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், யூகி தெஷிமா இயக்கியது. ரசிகர்கள் சேர்ந்து பணம் திரட்டி எடுக்க உதவிய படம். அதைப் பார்த்தவர்கள் சாட்டோவைப் பற்றி நிறைய எழுதினார்கள். நீங்கள் பார்த்தால் மொடேகி பேசுகிற இடங்களைக் கவனியுங்கள்.

அப்புறம், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் வரிசை இது: 'நியோ யாங்கீஸ் ஹாலிடே' முதலில். பிறகு 'குச்சு கேம்ப்', அதில் 'நைட் குரூசிங்' பாட்டை இரவில் கேளுங்கள். அது பிடித்தால் 'லாங் சீசன்', அடுத்து 'உச்சு நிப்பொன் செடகாயா'. கடைசிக் கச்சேரியை உண்மையிலேயே கடைசிக்கு வையுங்கள். அதுவரை வந்துவிட்டால், அரங்கில் அன்று நின்ற ரசிகர்களுக்குத் தெரிந்த பாட்டுகளில் பலவும் உங்களுக்கும் பழக்கமாகியிருக்கும். 'இகாரெதா பேபி' தொடங்கும்போது அது எந்த வருடத்துப் பாட்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

ஏற்கெனவே கடைசியிலிருந்து தொடங்கிவிட்டவர்கள் கீழே எழுதுங்கள். பழைய ஆல்பங்களுக்குப் போனபோது எந்தப் பாட்டில் நின்றீர்கள், அந்தக் கச்சேரி அதன் பிறகு உங்களுக்கு மாறிக் கேட்டதா? அடுத்த வீடியோவில் மியூட் பீட் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன்.