குருத்தைப் பார்க்கிற கண்

நடுவர் அவர்களே, எதிரணி அறிஞர்களே, தமிழ்நாடு-கேரள எல்லையில கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம், மீனாட்சிபுரத்துக்கு அந்தப் பக்கம்னு பாராம வந்து உக்காந்திருக்கிற தென்னந்தோப்புக்காரங்களே, தாய்மார்களே, வணக்கம்.

வேளாண்மைத் தொழிற்கல்விப் பாடம் வேலைச் சந்தைக்கு ஏத்தபடி மாறணுமா, இருக்கிறதே போதுமா? மாறணும்ங்கிறது எங்க அணி. தமிழ்நாட்டில் 1978ல மேல்நிலைக் கல்வி வந்தப்பவே தொழிற்பிரிவும் வந்தாச்சு. கேரளத்தில் 1983ல வந்துச்சு. பிரிவு இருக்குங்க. படிச்சு முடிச்ச பிள்ளையைத் தோப்புக்காரர் முதல் நாள் என்ன கேக்கிறாரோ, அது பாடத்தில் இருக்கா?

ட்ரோன், சொட்டுநீர் எல்லாம் பேசத்தான் குறிப்பு எடுத்து வந்தேன். ஆனா எதிரணித் தோழர் ஒண்ணு சொல்லிட்டுப் போனார்: "மரமேறித் தேங்காய் போடறவனுக்கு எதுக்குய்யா சர்ட்டிபிகேட்? மரத்துக்கிட்ட காட்டவா?" நீங்களும் கைதட்டுனீங்க. அந்தக் குறிப்பை மடிச்சு வெச்சுட்டேன். இதுக்கு பதில் சொல்லாம இறங்க மாட்டேன்.

ஒரு காட்சி சொல்றேன். ஆடி மாசம், சாரல். தோப்புல ஒரு மரத்துல நடுக்குருத்து மட்டும் வெளிறி நிக்குது. தோப்புக்காரர் மூணு பசங்களை வரச் சொல்றார். மூணு பேரும் வேளாண்மை படிச்சவங்க.

முதல் பையன் அண்ணாந்து பார்த்தான். "குருத்தழுகல்ங்க. பைட்டோப்தோரா பூஞ்சாணம். போர்டோ கலவை ஒரு சதவீதம் தெளிக்கணும்." நூத்துக்கு நூறு! தோப்புக்காரருக்கு சந்தோசம். "சரி தம்பி, ஏறு"ன்னார். பையன் மரத்தைப் பார்த்தான். மரம் பையனைப் பார்த்துச்சு. அம்பதடி மரம்ங்க! அவன் படிச்ச பாடம் தரையிலேயே முடிஞ்சு போச்சு.

ரெண்டாவது பையன் மரமேறும் கருவியை மாட்டி ஏறிட்டான். போனதும் குருத்தைப் பிடிச்சு இழுத்தான், கையோட வந்துருச்சு, நாத்தம். அதைக் கீழ போட்டுட்டு இறங்கிட்டான். அழுகின சதையை நல்ல சதை தெரியற வரைக்கும் வெட்டி எடுக்கணும், அந்த வெட்டுல போர்டோ பசை தடவணும், புதுக்குருத்து வர்ற வரைக்கும் மழைத்தண்ணி இறங்காம மூடி வைக்கணும். இதை அவனுக்கு யாரும் செஞ்சு காட்டலை. அழுகல் உள்ளேயே இருந்துச்சு.

மூணாவது பையன் அந்தப் போர்டோ மருந்தைக் கலக்கறேன்னான். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி நூறு லிட்டர். கணக்கு சரி. கரைச்சது எதுல? தகர டின்னுல! மயில்துத்தம்னா செம்பு உப்பு, அது இரும்பைத் தின்னும்ங்க. பிளாஸ்டிக்குல துத்தத்தை அம்பது லிட்டர்ல கரைக்கணும், இன்னொண்ணுல சுண்ணாம்பை அம்பது லிட்டர்ல கரைச்சு வடிகட்டணும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கணும். அப்புறம் தேய்ச்ச இரும்புக் கத்தியை ஒரு நிமிசம் முக்கி எடுக்கணும். கத்தியில செம்பு நிறம் ஒட்டுச்சுன்னா, சுண்ணாம்பு பத்தலை. அப்படியே அடிச்சா இலை கருகும். அன்னைக்குக் கலக்கினதை அன்னைக்கே அடிச்சுத் தீர்க்கணும். பரீட்சையில "போர்டோ கலவை விகிதம் என்ன?"ன்னு ரெண்டு மார்க் வரும். கத்தியை முக்குனியான்னு எந்தக் கேள்வித்தாள் கேட்டுது, சொல்லுங்க!

எதிரணித் தோழரே, மரத்துக்கிட்ட எதைக் காட்டன்னு கேட்டீங்க. மரம்தாங்க நமக்குக் காட்டுது! நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு காய் வெட்டுன்னா வருசத்துக்கு எட்டு வெட்டு. அந்த எட்டு தடவையும் கொண்டையைக் கிட்டப் போய்ப் பார்க்கிறவர் காய் போடறவர் ஒருத்தர்தான். மட்டையில கத்தரியால முக்கோணமா வெட்டின மாதிரி இருந்தா காண்டாமிருக வண்டு வந்துட்டுப் போயிருக்கு. அது போட்ட ஓட்டையிலதான் பின்னால சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும். முன்னதைக் கம்பியால குத்தி எடுத்திருந்தா, பின்னது வர்றதைக் குறைச்சிருக்கலாம். ட்ரோன் மருந்து அடிக்கும், படம் எடுக்கும். மட்டை இடுக்குக்குள்ள விரலை விட்டுப் பார்க்காது.

2016ல இந்தப் பொள்ளாச்சிப் பக்கம்தாங்க, தென்னை ஓலையில சாறு உறிஞ்சற சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதல்ல தெரிஞ்சுது. பயந்து போய் கடுமையான மருந்தா அடிச்சோம். அந்த ஈயைத் தின்னு வளர்ற என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துச்சு. விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் ஒட்டுப்பொறி, அந்த ஈயோட கழிவுல படர்ற கரும்பூஞ்சாணத்துக்கு லிட்டருக்கு இருபத்தஞ்சு கிராம் மைதாக் கரைசல்: ஆராய்ச்சிக்காரங்க இவ்வளவுதான் சொன்னாங்க. பக்கத்துல ஆழியாறு நகர்ல தென்னை ஆராய்ச்சி நிலையமே இருக்கு. அங்க தெரிஞ்சது பள்ளிக்கூடத்துப் புத்தகத்துக்கு வர எத்தனை வருசம் ஆகணும்?

தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல 'தென்னை மரங்களின் நண்பர்கள்'னு பயிற்சி ஆரம்பிச்சுது. கருவியில ஏறறது, காய் பக்குவம் பார்க்கிறது, பூச்சி நோய் பார்க்கிறதுன்னு சில நாள்ல சொல்லிக் குடுக்கிறாங்க. ரெண்டு வருசம் படிக்கிற பிள்ளைக்கு அதை ஏன் சொல்லிக் குடுக்கக் கூடாது?

நடுவர் அவர்களே, மணி அடிச்சுட்டீங்க. ஒரு நிமிசம்.

காய் போடற ஒரு அப்பாவோட நெஞ்சைப் பார்த்திருக்கீங்களா? மரத்தை அணைச்சு அணைச்சு நடு நெஞ்சுல தோல் காய்ச்சுப் போயிருக்கும். அவர் மேல ஏறும்போது வீட்டுக்காரம்மா கீழ காய் பொறுக்கிட்டே அண்ணாந்து பார்த்துட்டு இருப்பாங்க. காய் எங்க விழுதுன்னு பார்க்கிறதில்லைங்க அது. அவர் கால் எங்க இருக்குன்னு பார்க்கிறது. "நீ இந்த வேலைக்கு வந்துராதப்பா"ன்னு மகன்கிட்ட சொல்லி, அந்தக் காசுலதான் அவனை வேளாண்மைப் பிரிவுல சேர்த்துவிடறார். அந்த மகன் நோட்டுல 'தென்னை - நோய்கள்'னு எழுதறான். எழுதினதெல்லாம் அப்பாவுக்கு விரல் நுனியில இருக்குன்னு அவனுக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது.

அந்த அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுங்க. செய்முறைத் தேர்வு அன்னைக்கு, வெளியூர்த் தேர்வாளர் பக்கத்துல அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்க. மகன் கத்தியை முக்கி எடுக்கட்டும். செம்பு ஒட்டியிருக்கா இல்லையான்னு அவர் பார்த்துச் சொல்லட்டும். மார்க்கையும் அவரே போடட்டும்.