களத்தை நாமே கீறுவோம்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில் இருக்கும் நண்பர்களுக்கும், வயல் வேலை கடை வேலை எல்லாம் முடித்துவிட்டு இந்த வாசிகசாலை முற்றத்துக்கு வந்திருக்கும் கிளிநொச்சி மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகம் போன்ற பழைய கணினி வியூக விளையாட்டுகளில் பிள்ளைக்குக் கூடுதல் பயன் தருவது எது? கம்பனி ஆயத்தமாகத் தந்த களத்தை விளையாடுவதா, தன் களத்தைத் தானே உருவாக்கி விளையாடுவதா? உருவாக்குவதே என்று கதைக்க வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அண்ணா வடிவாகப் பேசினார். சலாதீன், செங்கிஸ்கான், ஜோன் ஒஃப் ஆர்க் என்று வரிசையாக எடுத்துச் சொல்லி, ஆயத்தக் களங்களே உலக வரலாற்றைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்கின்றன என்றார். ஓம் அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1999இல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் கம்பனி அந்த விளையாட்டை வெளியிட்டபோது, களம் அமைக்கும் எடிட்டரையும் அதே இறுவட்டில் வைத்துத்தானே தந்தது? சலாதீனை மட்டும் எடுத்துக்கொண்டு எடிட்டரைத் திறக்காமல் விட்டால், வாங்கிய பொருளில் பாதியைத் தொடாமல் வைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த விளையாட்டில் இராசேந்திர சோழன் பெயரில் ஒரு களத் தொடர் வந்தது 2022இல். மூல விளையாட்டு வெளிவந்து 23 ஆண்டுகள் கழித்து! கடல் கடந்து படை நடத்திய சோழனுக்கே அவ்வளவு காலம் எடுத்ததென்றால், எங்கள் வன்னி மன்னன் பண்டாரவன்னியனுக்கு யார் வந்து களம் அமைத்துத் தரப் போகிறார்கள்?

1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். பரீட்சைக்கு இவ்வளவு போதும். எழுதிவிட்டு மறந்தும் போகலாம். இதையே களமாக அமைக்க இந்த வாசிகசாலைக் கணினிக்கு முன்னால் இருந்த பெடியன்களை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கிழக்கே கடல். சரி, கோட்டையைக் கரையில் வைக்கலாம். கற்சிலைமடு ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், நன்றாக உள்ளே இருக்கிறது. அந்த விளையாட்டின் மூலப் பதிப்பில் மிகப் பெரிய களமே 240க்கு 240 கட்டம்தான். அதற்குள் இரண்டு இடத்தையும், நடுவில் கிடக்கும் காட்டையும் எப்படி அடக்குவது? எதைச் சுருக்குவது, எதைச் சுருக்கக் கூடாது? காட்டைச் சுருக்கினால் வன்னியனின் பலமே போய்விடும் என்று ஒருவன் சொன்னான். வரலாற்றை விளங்கிக்கொண்ட பிள்ளையின் வாயில் மட்டும்தான் அந்த வசனம் வரும்.

அப்புறம் படை. அது இடைக்காலத்தைப் பற்றிய விளையாட்டு. 1803ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சிப்பாய் அதில் இல்லை. இருப்பதற்குள் எவன் பொருந்துவான் என்று தேட வேண்டும். கோட்டையில் இருந்த பீரங்கிகளை வன்னியன் கைப்பற்றினான் என்று சொல்கிறோமே, அதைத் திரையில் நடத்திக் காட்டுவது எப்படி? அங்கேதான் ட்ரிகர் வருகிறது. ‘வன்னியனின் ஆள் கோட்டை வாசலைத் தாண்டி இந்தக் கட்டத்துக்குள் வந்தால்’ என்பது நிபந்தனை. ‘இந்தப் பீரங்கிகளின் உரிமை அவனுக்கு மாறும்’ என்பது விளைவு. நிபந்தனை, விளைவு என்று ஒவ்வொன்றாக அடுக்கித்தான் முழுக் கதையும் ஓடுகிறது. நிரலாக்கம் என்ற பெயரில் பள்ளிக்கூடத்தில் தலையிடி தருகிற அதே விசயத்தை இந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கேட்டுக் கேட்டுப் படிக்கிறார்கள்.

இனி, எதிரணித் தங்கச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். “சண்டையைக் கண்ணால் கண்ட மண் இது. இங்கே பிள்ளைகளைப் போர்க்களம் அமைக்க விடலாமா?” என்று கேட்டார். சபை அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன் தங்கச்சி. யாரையும் பறிகொடுக்காத வீடு இந்த முற்றத்தில் அரிது. ஆனால் ஆயத்தக் களத்தில் பெரும்பாலும் எதிரி யார் என்று முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். அவனை அழித்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி. அதை மாற்றப் பிள்ளையால் முடியாது. எடிட்டரைத் திறந்தால் வெற்றி என்றால் என்ன என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கலாம். சண்டையே இல்லாத களத்தையும் அமைக்கலாம்.

அமைத்தும் இருக்கிறார்கள். முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, பத்தாம் வகுப்பு. அவள் செய்த களத்தில் படைவீரன் ஒருவன்கூட இல்லை. பாசறை கட்ட முடியாதபடி அமைப்பிலேயே தடுத்துவிட்டாள். வயல் இருக்கிறது, விளைச்சலைச் சேர்க்கும் ஆலை இருக்கிறது, ஊராட்கள் இருக்கிறார்கள், சுற்றிவரக் காடு. காட்டுக்குள், விளையாட்டில் வரும் பாரசீகர்களின் போர் யானைகளைக் கொண்டுவந்து நிறுத்தி, அவற்றைக் காட்டு யானைகள் ஆக்கிவிட்டாள். குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் யானைகள் வயலுக்கு வரும். இன்னும் கொஞ்ச நேரத்தில் காட்டுக்குத் திரும்பும். சொன்ன அளவு உணவைச் சேர்த்துவிட்டால் வெற்றி. தோல்வி எப்போது தெரியுமா? ஒரு யானை செத்தால்!

அந்த ஒரு விதிக்காக அவள் பட்ட பாட்டைக் கேளுங்கள். யானை வந்ததும் ஊர்மணியை அடித்தால் ஆட்கள் எல்லோரும் ஊர்மன்றத்துக்குள் ஓடி ஒளிவார்கள். ஆனால் ஆட்கள் உள்ளே இருந்தால் ஊர்மன்றத்திலிருந்து அம்பு பறக்கும். அது விளையாட்டின் இயல்பு. அம்பு பட்டு யானை சாகும். ஆகவே யானை வரும் பாதையை அம்பு எட்டாத தூரத்துக்குத் தள்ளினாள். வயலும் தள்ளிப்போனது, வயலுக்குப் பக்கத்தில் ஆலையை வைத்தாள். ஓட்டிப் பார்த்தால் யானை ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் பிறகு வரவே இல்லை. ட்ரிகர் திரும்பத் திரும்ப நடக்கும்படி அமைக்கப்பட்டிருக்கவில்லை என்று கண்டுபிடித்துத் திருத்தினாள். எங்கள் ஊர்களில் இரவில் யானை வெடி கொளுத்தியபடி கண்விழித்துக் கிடக்கும் விவசாயியின் பிரச்சினையை, யானையும் சாகாமல் நெல்லும் போகாமல் தீர்க்க முடியுமா என்று ஒரு பிள்ளை இருந்து யோசித்திருக்கிறாள். நடுவர் ஐயா, இந்த யோசனையைத் தந்த ஆயத்தக் களம் எது என்று எதிரணி காட்டட்டும்.

“பரீட்சை நேரத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே?” என்றும் கேட்டார்கள். விளையாடுவதற்கும் நேரம் வேண்டும்தானே? நேரத்தைப் பற்றிய குறை இரண்டு அணிக்கும் பொது.

“சரி, செய்து என்ன கிடைக்கும்?” என்பது அடுத்த கேள்வி. இதே விளையாட்டுக்கு ரசிகர்கள் சேர்ந்து ‘ஃபொகொட்டன் எம்பயர்ஸ்’ என்று ஒரு விரிவாக்கம் செய்தார்கள். 2013இல் அதுவே அதிகாரபூர்வ வெளியீடானது. ‘வோர்கிராஃப்ட்’ என்ற இன்னொரு வியூக விளையாட்டின் மூன்றாம் பாகத்து எடிட்டரில் ரசிகர்கள் உருவாக்கிய களம்தான் ‘டோட்டா’. அதிலிருந்து 2013இல் ‘டோட்டா 2’ தனி விளையாட்டாகவே வெளிவந்தது. எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வழி திறந்திருப்பது உருவாக்குகிறவனுக்குத்தான். இதற்குப் பெரிய வசதியும் தேவையில்லை. பழைய கணினியிலேயே ஓடும், இணையம் வேண்டாம், செய்த களத்தைப் பென்டிரைவில் போட்டு மாங்குளத்துக்கும் கொண்டுபோகலாம், பரந்தனுக்கும் கொண்டுபோகலாம்.

அடுத்து எழும்பப் போகிற எதிரணிச் சகோதரரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யானை சாகாமல் வெல்ல வேண்டிய அந்தக் களம் இந்த வாசிகசாலைக் கணினியிலேயே இருக்கிறது. அதை விளையாடிப் பார்த்துவிட்டு வந்து, அதைச் செய்த பிள்ளை கம்பனிக் களத்தை விளையாடியிருந்தால் இதைவிடக் கூடுதலாக எதைக் கற்றிருப்பாள் என்று இந்தச் சபைக்குச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.